புது டெஸ்க்டாப்: இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா?

புது டெஸ்க்டாப் வாங்குவது என்று முடிவு செய்த பிறகும், "அடுத்த தலைமுறை வரட்டும், விலை இறங்கட்டும்" என்று 14 மாதம் தள்ளிப்போட்டவன் நான். ஒரு வேலையை ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தபோது பழைய கணினி நின்றுபோனது. பட்டனை அழுத்தினால் விசிறிகூடச் சுற்றவில்லை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்கு நுழைந்தது, ஆனால் வேண்டாத பொருளை எடுத்துக்கொண்டு வந்தது. இன்டெலின் 'ஐ7' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்கிய அந்தப் பெட்டியில் இருந்தது பல தலைமுறை பழைய பிராசசர் (கணினியின் மூளை). ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) ஒற்றைக் குச்சி. பவர் சப்ளை அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்துவது.

இதைவிட எரிச்சலான விஷயம் மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. பழைய கணினியில் கெட்டுப்போயிருந்தது பவர் சப்ளை மட்டும்தான். அதை மாற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

இதே குழப்பத்தில் நீங்கள் இருந்தால், கீழே உள்ளதை இதே வரிசையில் செய்துபாருங்கள். இரண்டு வாரத்தில் முடிவுக்கு வந்துவிடலாம். இணையத்தில் விமர்சனக் காணொளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் 14 மாதம் ஆகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

1. எங்கே திணறுகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள்

"கணினி ஸ்லோ" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எது ஸ்லோ என்று தெரிய வேண்டும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கணினி திணறும் அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும், சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. நேரம், அப்போது ஓடிய மென்பொருள், டிஸ்க், மெமரி, சி.பி.யு. இவற்றில் எது உச்சத்தில் நின்றது என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, விண்டோஸ் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றால், புதுக் கணினியைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். ஒரு ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 200 மெகாபைட் படிக்கும். சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில், சாதாரண சாட்டா வகையே 500ஐத் தாண்டும். அங்கங்கே சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடிப் படிப்பதில்தான் ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குகிறது, அந்த இடத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. நீங்கள் தினமும் உணரும் ஸ்லோ பெரும்பாலும் இதுதான்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் ரேம் போதவில்லை. இன்றைய பிரவுசர்களுக்கு 8 ஜி.பி. திண்டாட்டம், 16 ஜி.பி. நிம்மதி. வீடியோ எடிட்டிங், பெரிய மென்பொருள் நிரல்களைக் கம்பைல் செய்வது போன்ற வேலை இருந்தால் 32.

சி.பி.யு., அதாவது பிராசசர், தன் எல்லாக் கோர்களிலும் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) முட்டிக்கொண்டு நிற்கிறது, அதுவும் உங்கள் அன்றாட வேலையிலேயே என்றால், அதுதான் உண்மையாகவே புதுக் கணினி கேட்கும் அறிகுறி. ஆனால் ஒன்று. அதே பக்கத்தில் கிகாஹெர்ட்ஸ் வேகமும் தெரியும். வேலை கூடும்போது அந்த எண் அடிப்படை வேகத்துக்கும் கீழே சரிந்தால், பிராசசர் சூட்டில் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது என்று சந்தேகப்படலாம். தூசியைத் தட்டி, ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) அடியில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) மாற்றினால் சரியாகிவிடக்கூடும்.

எதுவுமே உச்சத்தில் இல்லை, ஆனாலும் பக்கம் திறக்க நேரமாகிறது என்றால் பழி இணைய இணைப்பின் மேல். கணினியை விட்டுவிடுங்கள்.

என் பழைய கணினி உயிர்பெற்ற பிறகு இப்படி எழுதியதில் 11 குறிப்புகள் சேர்ந்தன. அதில் எட்டு டிஸ்க். ஒன்றுகூட சி.பி.யு. இல்லை. நான் 14 மாதமாகக் காத்திருந்ததோ புதுப் பிராசசருக்காக.

2. பழையதைப் பழுது பார்த்தால் எவ்வளவு?

எஸ்.எஸ்.டி., ரேம், பவர் சப்ளை, சுத்தம் செய்யும் கூலி, இவற்றில் உங்களுக்குத் தேவையானதைக் கூட்டிப் பாருங்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: புதுக் கணினியின் மொத்தச் செலவில் கால் பங்குக்குள் முடிந்து, இன்னும் ஒரு வருடமாவது ஓடும் என்றால் பழுது பார்க்கலாம். அதைத் தாண்டினால் அந்தப் பணத்தைப் புதியதில் போடுவதே மேல்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இன்று வாங்கும் பாகம் நாளை புதுக் கணினிக்கும் போகுமா என்று பாருங்கள். எஸ்.எஸ்.டி. போகும். ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவில் உள்ள நல்ல பவர் சப்ளை போகும். ரேமிலும் டி.டி.ஆர். 3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர். 3 ரேம் எந்தப் புது மதர்போர்டிலும் (பாகங்கள் பொருந்தும் முதன்மைப் பலகை) ஏறாது. டி.டி.ஆர். 4 குச்சியை டி.டி.ஆர். 5 போர்டில் செருகவே முடியாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. ஆகவே பழைய கணினிக்குச் செலவழிக்கும்போது எஸ்.எஸ்.டி.க்குத் தாராளமாகவும், ரேமுக்குக் கையை இறுக்கியும் செலவழியுங்கள்.

கவனிக்க வேண்டிய பொறி: அலுவலகங்களுக்கென்று வரும் பிராண்டட் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் பின்களும் மதர்போர்டின் அளவும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. வெளியில் வாங்குவது பொருந்தாது. வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அதில் மஞ்சள் எச்சரிக்கை வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

3. விண்டோஸ் கெடு உங்களைத் தொடுகிறதா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டில் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதுவரை காத்திருக்க இது ஒரு முறையான வழி.

விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 (இரண்டும் பாதுகாப்பு வசதிகள்) வேண்டும். பிராசசர், பொதுவாக இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும். மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் செயலி, தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

அந்தச் செயலி "இல்லை" என்று சொன்னதும் புதுக் கணினி வாங்க ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணத்தைப் படியுங்கள். டி.பி.எம். இல்லை என்பது மட்டுமே காரணமானால், பெரும்பாலும் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அமைப்பு மென்பொருள்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். வட்டில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸில் கை வையுங்கள்.

பிராசசரே பட்டியலில் இல்லை, ஆனால் வேலை வெறும் பிரவுசரும் எழுத்தும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்பதில் பணச் செலவு ஏதுமில்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

4. எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? ஒரே வரியில் எழுதுங்கள்

இந்த வரியில் ஒரு பொருளின் பெயரும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். "புதுசா ஏதாவது வரும்" என்பது கணக்கில் சேராது. ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும்.

நிறுவனமே பெயர், விற்பனைத் தேதி இரண்டையும் அறிவித்துவிட்ட பொருளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருப்பதில் தவறில்லை. புதுப் பொருள்களை அறிவிக்கும் பெரிய கண்காட்சிகள் இரண்டு. ஜனவரியில் லாஸ் வேகாஸில் சி.இ.எஸ்., மே அல்லது ஜூனில் தைபேயில் கம்ப்யூடெக்ஸ். இந்த இரண்டுக்கும் சில வாரம் முன்பு வாங்க நேர்ந்தால் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாங்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அறிவித்த அன்றே கடையில் கிடைக்கும் என்றோ, அறிவித்த விலைக்கே கிடைக்கும் என்றோ நினைத்துவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டுகளில் (திரைக்கான படத்தை உருவாக்கும் தனி அட்டை) முதல் சில மாதம் தட்டுப்பாடு வருவது அடிக்கடி நடக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டுகளின் சுழற்சியைத் தெரிந்துவைத்திருப்பது உதவும். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 30 வரிசை 2020 செப்டம்பரில் வந்தது, 40 வரிசை 2022 அக்டோபரில், 50 வரிசை 2025 ஜனவரியில். சுமார் இரண்டு வருடம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். ஒரு வரிசை வந்து ஆறு மாதமே ஆகியிருக்கும்போது அடுத்ததற்குக் காத்திருக்கிறேன் என்பது ஒன்றரை வருடம் சும்மா உட்காருவது.

"விலை இறங்கட்டும்" என்று காத்திருப்பவர்களுக்கு: கணினிப் பாகங்களின் விலை எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும் என்ற பழைய நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவக சிப்புகளை அள்ளிக்கொண்டதில், டி.டி.ஆர். 5 ரேம் செட்டுகளின் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கையும் தாண்டியது. ரேமுக்குள் இருக்கும் டி-ரேம் சிப்புகளில் உலக அளவில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். அவற்றில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டிலிருந்து வெளியேறுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்டி சிப் வெளிவர வருடக்கணக்கில் ஆகும். எஸ்.எஸ்.டி.யும் கிராஃபிக்ஸ் கார்டும்கூட தங்கள் தங்கள் வகை நினைவக சிப்புகளை நம்பியே இருக்கின்றன. ஆகவே இப்படி ஒரு தட்டுப்பாடு நடக்கும்போது "இரண்டு மாதம் பார்ப்போம்" என்பது பெரும்பாலும் கை கொடுக்காது. ஒன்று, தேவையானதை வாங்கிவிட வேண்டும். இல்லை, பழையதைத் தேற்றிக்கொண்டு ஒரு வருடத்துக்கு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நின்று தினமும் விலை பார்ப்பதுதான் மோசம்.

கசிந்த தகவல், வதந்தி இவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். பணம் சேரட்டும் என்று காத்திருப்பது மட்டும் எப்போதும் நியாயமானது.

சரி, எழுதிய தேதி வந்தும் பொருள் வரவில்லையா? அன்று கடையில் என்ன இருக்கிறதோ அதில் நல்லதை வாங்குங்கள். தேதியைத் தள்ளி வைத்தால் என் கதைதான்.

5. பாதியை இப்போது, மீதியைப் பிறகு

டெஸ்க்டாப்பின் அழகே இதுதான், லேப்டாப்காரர்களுக்கு இந்த வழி கிடையாது. விலை உச்சத்தில் இருக்கும் பாகத்தை மட்டும் ஒத்திப்போட்டு மற்றதை வாங்கலாம்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்குவதானால், உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசசரை எடுங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அது கிடையாது. தனி கார்டு வராத வரை திரையில் ஒன்றும் தெரியாது. ரைசன் 7000, 9000 வரிசைகளில் 'எஃப்' இல்லாதவற்றில் சிறியதாக ஒன்று இருக்கும். ரைசன் 5000 வரிசையில் பொதுவாக 'ஜி' என்று முடிபவற்றில்தான் உண்டு. இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கி, கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

ரேம் விலை ஏறிக் கிடந்தால் 16 ஜி.பி.யோடு தொடங்கலாம். ஆனால் 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாக வாங்கிவிட்டு, பின்னால் இன்னும் இரண்டைச் சேர்க்கும் திட்டம் டி.டி.ஆர். 5இல் அவ்வளவு சுகமில்லை. நான்கு குச்சி போட்டால் பல போர்டுகளில் வேகம் இறங்கிவிடும். இப்போது ஒரே 16 ஜி.பி. குச்சி, பின்னால் அதே மாடலில் இன்னொன்று என்பது நல்லது. அதுவரை கொஞ்சம் வேகம் குறையும், தாங்கிக்கொள்ளலாம்.

போர்டு வாங்கும்போது சாக்கெட்டின் (பிராசசர் உட்காரும் இடம்) ஆயுளைப் பாருங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 சாக்கெட் 2022இல் வந்தது, 2027ஐத் தாண்டியும் ஆதரிப்போம் என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய ஏ.எம். 4இல் 2017இல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்து 2022இன் 5800எக்ஸ்3டி பிராசசரைப் போட முடிந்தது. இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு முடிந்து, 2024 அக்டோபரில் 1851 வந்துவிட்டது. பின்னால் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இல்லாதவர்கள் இதை மனத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

6. செலவுக் கணக்கில் விட்டுப்போகிறவை

பெட்டியின் விலையை மட்டும் போட்டுவிட்டு, மற்றதைக் கடையில் நின்று யோசிப்பது வழக்கம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வைஃபை இல்லாத போர்டானால் அதற்கொரு கார்டு, மின்வெட்டு உள்ள இடமானால் யு.பி.எஸ்., காப்புப் பிரதிக்கு ஒரு வெளி டிரைவ், பொருத்தித் தரும் கூலி, விண்டோஸ் உரிமம். இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். பெட்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுவது சாதாரணம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பவர் சப்ளை. மலிவானது போகும்போது தனியாகப் போகாது, கூட மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஐந்து, ஏழு, பத்து வருட வாரண்டி தருபவை இருக்கின்றன. நான் வாட் எண்ணைவிட அந்த வருட எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

பெயரில் ஏமாறும் இடங்கள்: தலைமுறை எண் சொல்லாமல் 'ஐ5', 'ஐ7' என்று மட்டும் எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். 2013இன் 4ஆம் தலைமுறை ஐ7ஐவிட 2022இன் 12ஆம் தலைமுறை ஐ3 வேகமானது. கிராஃபிக்ஸ் கார்டிலும் இப்படித்தான். ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி.யும் உண்டு, 16 ஜி.பி.யும் உண்டு.

பயன்படுத்திய கணினி வாங்குகிறவர்கள், இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் உயர்ரக டெஸ்க்டாப் பிராசசர்களில் கவனமாக இருங்கள். அதிக மின்னழுத்தத்தால் சில தேய்ந்துபோய் அடிக்கடி முடங்கின. 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது. பெட்டியோடு விற்ற பிராசசர்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது, அதனால் பழைய பில்லையும் சேர்த்துக் கேளுங்கள்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

நான் மிகவும் அடிபட்ட இடம் இது. பில்லில் "கம்ப்யூட்டர் ஒரு செட்" என்று ஒரே வரி. பின்னால் ரேம் கெட்டபோது, அது தாங்கள் கொடுத்த ரேம்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

பணம் கட்டும் முன், ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் எழுதிய விலைப்பட்டியலை வாங்குங்கள். "500 ஜி.பி. எஸ்.எஸ்.டி." போதாது, எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று வேண்டும். இறுதி பில்லில் மாடலோடு சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பாகங்களின் காலி டப்பாக்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பல வாரண்டிகளுக்குச் சீரியல் எண் ஒட்டிய அந்த டப்பா பயன்படும். வாரண்டியைத் தருவது கடையா, உற்பத்தியாளரா, ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை வருடம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். திருப்பித் தரும் கெடு எத்தனை நாள், திறந்த பெட்டியையும் எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். வாய்ச்சொல் செல்லாது.

விண்டோஸ் உரிமம் ஓ.இ.எம். வகையா, ரீடெயில் வகையா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஓ.இ.எம். அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது. ரீடெயில் அடுத்த கணினிக்கும் வரும். விண்டோஸ் போட்டிருக்கிறது, ஆனால் உரிமம் பற்றிப் பில்லில் ஒரு வார்த்தையும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

எல்லாத் தாளையும் அன்றே படமெடுத்து, அந்தக் கணினியில் இல்லாத வேறோர் இடத்தில் சேமியுங்கள்.

8. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள்

முதல் நாள்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசர், ரேம் அளவு, டிஸ்க் மாடல் மூன்றையும் பில்லோடு ஒப்பிடுங்கள். ரேம் வேகம் டப்பாவில் போட்டதைவிடக் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்றிருப்பதை இயக்கினால் வந்துவிடும்.

முதல் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவிலிருந்து ஓட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரு பிழை இருந்தாலும், எக்ஸ்.எம்.பி.யை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை என்றால் ரேமைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த சில நாள் உங்கள் கனமான வேலைகளை வேண்டுமென்றே செய்யுங்கள். ஏழாம் நாளில் தெரியாத கோளாறு 40ஆம் நாளில் தெரிந்தால் கடைக்கு நடை அதிகம்.

பழைய கணினியை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். எதையோ நகலெடுக்க மறந்திருப்பீர்கள். அப்புறம் விற்பதானாலும் கொடுப்பதானாலும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் டூ ஃபேக்டர் கணக்குகளையும் புதிய இடத்துக்கு மாற்றிவிட்டு, டிஸ்க்கை முழுமையாக அழிக்கும் ரீசெட் வசதியை ஓட்டுங்கள். சும்மா டெலீட் செய்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. என் பழையதை நான் விற்கவில்லை. ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டு, இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன்.